ஞானபூரணத்தின் வாய்க்குப் போட்ட பூட்டு

சங்கரன்கோவில் வடக்கு ரத வீதியில் பூ கட்டும் ஞானபூரணத்தின் வாயை அவளுடைய தங்கச்சி சங்கரேஸ்வரி பூட்டிவிட்டு வந்து ஆறு வருஷம் முடிந்து ஏழு நடக்கிறது. பூட்டிய பிறகு அந்த வாய் ஒருநாளாவது மூடியிருந்ததாக ரத வீதியில் யாரும் சொல்ல மாட்டார்கள். மூடியதெல்லாம் தங்கச்சியின் வாய்தான்.

தப்பு என்னவோ ஞானபூரணத்தின் மேல்தான். ராயகிரியில் தங்கச்சி மாடி எடுத்துக் கட்டிப் பால் காய்ச்சிய அன்று, பந்தியில் நூறு பேர் உட்கார்ந்திருக்க, இவள் மாடிப்படியை மேலும் கீழும் அளந்து பார்த்தாள். "ஏட்டி சங்கரி, படியை இம்புட்டு ஒடுக்கமா கட்டியிருக்கியே, நாளப்பின்ன ஒரு காரியம்னா உன் மாமனாரை எப்படிட்டி கீழ இறக்குவ?" என்று கேட்டாள். கட்டட நுணுக்கம் பற்றிய நியாயமான கேள்விதான். ஆனால் சங்கரேஸ்வரியின் மாமனார் அந்த மாடியில்தான் கட்டிலில் சாய்ந்து காது கொடுத்துக்கொண்டிருந்தார். பதினோராம் நாள் போய்ச் சேர்ந்தார். படியின் வளைவில் கட்டில் திரும்பவே இல்லை. கடைசியில் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கயிற்றில் கட்டி, பால்கனி வழியாக இறக்கினார்கள். பாதி வழியில் நாற்காலி ஒரு சுற்றுச் சுற்றியது. கிழவர் தெருவில் நின்ற அத்தனை பேரையும் வரிசையாகப் பார்த்து விடைபெற்றுக்கொண்டார் என்றும், பால்காரர் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டார் என்றும் ராயகிரியில் இன்றைக்கும் சொல்வார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு சங்கரேஸ்வரி புதுப் பூட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு பூட்டுமாடன் கோவிலுக்குப் போய்விட்டாள்.

அந்தக் கோவில் குருவிகுளம் போகும் வழியில் கரிசல் காட்டுக்குள் இருக்கிறது. மாடனைச் சுற்றி இரும்புக் கம்பி வேலி. யாருடைய வாய் நமக்கு ஆகவில்லையோ அவர் பேரைச் சொல்லி அந்தக் கம்பியில் ஒரு பூட்டைப் பூட்டிவிட்டு வர வேண்டும். கோர்ட்டில் எதிர்ச்சாட்சி சொல்கிறவன், தெருக்குழாயடியில் புறணி பேசுகிறவள், கூடிவந்த சம்பந்தத்தைக் கலைக்கிறவன் என்று வட்டாரத்து வாய்களெல்லாம் அங்கே கொத்துக்கொத்தாகத் தொங்குகின்றன. பூட்டியவர் அந்த ஆளோடு அதற்கப்புறம் பேசக் கூடாது. கோபம் தீர்ந்தால் ஒரு செவ்வாய்க்கிழமை உச்சி வேளையில் வந்து, பூட்டைத் திறந்துவிட்டுப் பேசிக்கொள்ளலாம். திறக்காமல் பேசினாலோ, பூட்டை அறுத்தாலோ உடைத்தாலோ, பூட்டியவர் வீட்டில் ஒரு நாக்கு விழுந்துவிடும். அதனால் எல்லாரும் சாவியை அரிசிப் பானைக்குள் புதைத்துப் பத்திரமாக வைத்திருப்பார்கள். சங்கரேஸ்வரிக்கு இருந்த ஆத்திரத்தில், இனி இதைத் திறக்க வேண்டிய நாளே வராது என்று சாவியை வழியில் ஒரு கிணற்றில் வீசிவிட்டாள். ஒன்றையல்ல, வளையத்தில் இருந்த இரண்டையும்.

ஞானபூரணம் இந்தப் பூட்டுக்காகச் சாவியில்லாமல் கம்பியால் திறக்கப் படித்தவள் இல்லை. அது தனி வீம்பு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆடித்தபசு அன்று அவள் கடைச் சாவி தொலைந்தது. உள்ளே நாலு கூடை மல்லி. சாவி வெட்டுகிற முகம்மது அப்சல் வந்தான். அவளுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தான். நிமிர்ந்தபோது பூட்டு அவன் கையில் திறந்து கிடந்தது. பூ பிழைத்தது. ஆனால் முதுகைக் காட்டியதை அவளால் பொறுக்க முடியவில்லை. "எனக்குத் தெரியாம என் பூட்டை என் கண்ணு முன்னாலயே திறக்கானே" என்று மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தாள். நாலாம் நாள் செல்போனைக் கையில் எடுத்தாள்.

பூட்டுத் திறப்பதைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வீடியோவில் அவர்கள் பேசுகிற பாஷை புரியவில்லை. விரல்கள் பேசியது புரிந்தது. முதலில் கொண்டை ஊசியை வளைத்துப் பார்த்தாள். பிறகு கம்பிகள் அடங்கிய சின்னத் தோல்பையைப் பார்சலில் வரவழைத்தாள். ஆறு மாசத்தில் பழைய இரும்புக்கடைப் பூட்டுகள் எல்லாம் அவளைக் கண்டாலே தாமாக வாயைப் பிளந்தன. பக்கத்துத் தெரு பேங்க் மேனேஜர் அவள் கடையைத் தாண்டும்போது சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டு போவார். "அக்கா, கோவில் உண்டியலை ஒரு பார்வை பார்த்துட்டு வாரது" என்று டீக்கடையில் சீண்டுவார்கள். "உங்க அத்தான் வாயைத் திறக்கத்தான் கம்பி தேடுதேன். கல்யாணத்தன்னைக்கு மூடுனது" என்பாள். ஆனால் அடுத்தவர் கேட்காமல் அடுத்தவர் பூட்டில் அவள் கை பட்டதில்லை. அதில் கறார்.

இந்த லட்சணத்தில் ஆனி மாசக் கடைசியில் தங்கச்சி மகள் ஜெயசித்ராவிடமிருந்து போன் வந்தது.

"பெரியம்மா, எனக்கு ஆவணியில கல்யாணம்."

"கேள்விப்பட்டேன் மக்கா. ஊரெல்லாம் சொன்னாங்க. உங்கம்மா மட்டும் சொல்லலை."

"எப்படிச் சொல்லுவா? அந்தப் பூட்டு தொங்குதுல்லா. நீங்க வந்து நின்னு, அம்மா பேசாம இருந்தா சபையில அசிங்கம். பேசிட்டா மாடன் குத்தம். நீங்க வராம இருந்தா எனக்குச் சடை யாரு தைப்பா?"

ஞானபூரணம் கையில் இருந்த சரத்தைக் கீழே வைத்தாள். அந்தக் குடும்பத்தில் பிறந்த பெண் ஒன்றுகூட அவள் தைத்த பூச்சடை இல்லாமல் மணவறைக்குப் போனதில்லை. சங்கரேஸ்வரிக்கும் அவள்தான் தைத்தாள்.

"பெரியம்மா, சாவி இல்லாமத் திறப்பீங்களாமே? அம்மாகிட்டக் கேட்டுட்டேன். அறுக்காம உடைக்காமத் திறந்தா மாடனுக்குச் சம்மதம்னு பூசாரி சொல்லிட்டாராம். பூட்டுனவ பக்கத்துல இருக்கணுமாம், அம்புட்டுதான். அம்மா வருவா. பேச மாட்டா."

"ஒரு பூட்டுதான மக்கா," என்றாள் ஞானபூரணம். "அடுத்த செவ்வா கழட்டிக் கையில தாரேன்."

சொல்லிவிட்டுப் பூட்டின் படத்தை அனுப்பச் சொன்னாள். படத்தை எடுத்துக்கொண்டு அப்சல் கடைக்குப் போனாள். அவன் பார்த்ததும் உச்சுக்கொட்டினான்.

"அக்கா, இது நீங்க திறக்கிற ஜாதி இல்ல. சாதாப் பூட்டுல உள்ள பின் சாக்பீஸ் மாதிரி நேரா இருக்கும். இதுல நடுவுல இடுப்பு ஒடுங்கி உடுக்கை மாதிரி இருக்கும். கம்பியால தூக்குவீங்க, சாவி நுழையிற உருளை லேசாத் திரும்பும். திறந்துட்டுன்னு சந்தோசப்படுவீங்க. திறந்திருக்காது. உடுக்கையோட இடுப்பு விளிம்புல மாட்டிக்கிட்டு நிக்கும்."

"சரி, மாட்டிக்கிட்டா?"

"திருப்புகம்பியைப் பிடிச்சிருக்கிற கையை மயிரிழை தளத்தணும். உருளை பின்னால வரும். வர விட்டுட்டே உடுக்கையை மேல தள்ளணும். ரொம்பத் தளத்துனா எல்லாப் பின்னும் பொலபொலன்னு விழுந்திரும்."

"நீயே வந்து திறந்து குடுத்திரேன் தம்பி."

"மாடன் சங்கதிக்கா. நான் அங்கன வந்து கம்பியை விட்டா எங்க வீட்லயும் வைவாங்க, உங்க வீட்லயும் வைவாங்க. வேணும்னா இதே பூட்டு ஒண்ணு இருக்கு, கொண்டுபோய்ப் பழகுங்க."

பூட்டைக் கொண்டுவந்தாள். பிடித்தது சனியன்.

நாற்பது வருஷமாகப் பூ கட்டிய கை அது. நூலைத் தளரவிட்டால் மொட்டு உதிரும் என்று பத்து வயதிலிருந்தே அந்த விரல்களுக்குத் தெரியும். ஞானபூரணம் கட்டிய சரத்தைக் கல்யாணப் பெண் ஒருத்தி ரயிலில் சென்னை வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டு போனாள், ஒரு மொட்டு உதிரவில்லை என்று பெயர். இழு, இறுக்கு, விடாதே. இது ஒன்றுதான் அந்தக் கைக்குத் தெரிந்த வித்தை. இப்போது அந்தக் கையிடம் போய், தளர்த்து என்றால்?

முதல் பின், இரண்டாவது, மூன்றாவது. கிளிக், கிளிக் என்று உட்காரும். உருளை ஒரு நெல் அகலம் திரும்பும். அவளுக்கு நெஞ்சு பொங்கும். அங்கேயே நின்றுவிடும். உள்ளே உடுக்கை மாட்டிக்கொண்டது என்று தெரியும். தளர்த்த வேண்டும் என்றும் தெரியும். கை தளராது. வலிய மனதைத் திடப்படுத்தித் தளர்த்தினால், ஒரேயடியாக விட்டுவிடும். ஐந்தும் விழும். மறுபடி முதல் பின்.

ஆடித்தபசு வந்தது. ஊரெல்லாம் சனம். பூவுக்கு அடிதடி. ஞானபூரணம் ஒரு சரம் கட்டுவாள், கல்லாவுக்கு அடியில் இருக்கும் பூட்டை எடுத்துக் கம்பியை விடுவாள், வைதுகொண்டே வைப்பாள். சாமிக்கு மாலை கேட்டு வந்த ஒருவரிடம், "போடா, விளங்காதவனே" என்றாள். பூட்டைச் சொன்னாள். அவர் மாலை வாங்காமல் போய்விட்டார். ஒருநாள் தாங்க மாட்டாமல் பூட்டைச் சுவரில் எறிந்தாள். சுவர்க் காரை ஒரு முறம் அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. சத்தம் கேட்டுப் பக்கத்துக் கடைக்காரர் இடி விழுந்ததென்று டி.வி. பிளக்கைப் பிடுங்கினார். பூட்டுக்கு ஒரு கீறல் இல்லை.

"என்னக்கா, திறந்துதா?" என்று அப்சல் தினமும் கேட்டான்.

"திறந்தா உனக்குத் தந்தி அடிக்கேன். போ."

இருபத்து மூன்றாம் நாள் திறந்தது. எப்படித் திறந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. பூட்டி மறுபடி திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. அதற்கப்புறமும் திறக்கவில்லை. திறக்காமலே இருந்திருந்தால்கூட இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

நாள் நெருங்கியது. கல்யாணத்துக்கு மூன்று செவ்வாய்தான் பாக்கி. இனி வீட்டில் பழகி ஆகாது என்று முதல் செவ்வாய் மினிபஸ் ஏறினாள். அதே பஸ்ஸில் சங்கரேஸ்வரி முன் சீட்டில் இருந்தாள். இவள் பின் சீட்டுக்குப் போனாள். கண்டக்டர் டிக்கெட் கிழிக்க முன்னும் பின்னும் நடந்தபோது, இரண்டு பேரும் ஒரே மூக்கை வைத்துக்கொண்டு ஒரே பக்கம் முகத்தைத் திருப்பியிருந்ததைப் பார்த்து, "ரெட்டையா?" என்று கேட்டான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சில்லறையை நீட்டினார்கள்.

கோவிலில் பூசாரி குருசாமி காத்திருந்தார். பூட்டு ஆறு வருஷ மழையிலும் வெயிலிலும் பழுப்பேறிக் கிடந்தது. ஞானபூரணம் பையிலிருந்து தையல் மிஷின் எண்ணெயை எடுத்தாள்.

"யம்மா, யம்மா! மாடன் பூட்டுல மிஷின் எண்ணெயா? விளக்குல ஊத்துற ஆமணக்கெண்ணெய்தான் படலாம்."

"பூசாரி, அது பசை மாதிரி ஒட்டிக்கிடும்."

"மாடனுக்கு ஒட்டலையே," என்று சொல்லி, அவள் தடுப்பதற்குள் கரண்டியோடு சாவித் துவாரத்தில் ஊற்றிவிட்டார்.

அந்தச் செவ்வாய் அதோடு போயிற்று. பின்கள் அல்வாவுக்குள் விழுந்த முந்திரிப் பருப்பாக அசையாமல் கிடந்தன. சங்கரேஸ்வரி கம்பி வேலியின் மறுபக்கம் முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது போல ஞானபூரணத்துக்குப் பட்டது. மூன்றரை மணிப் பஸ்ஸுக்கு எழுந்தபோது குருசாமியிடம்தான் கத்தினாள்.

இரண்டாம் செவ்வாய் அவரை மடக்கிப் பேசினாள். பெட்ரோல் எண்ணெயில் சேருமா என்று கேட்டாள். அவர் வெகுநேரம் யோசித்து, எரிகிறது ஆனால் விளக்குக்கு ஊற்றுவதில்லை, ஆகவே எண்ணெயில் சேராது, தடையும் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். விளக்கை எட்டத் தள்ளி வைத்துவிட்டு, அவருடைய மொபெட்டிலிருந்து ஒரு சொம்பு பிடித்துப் பூட்டைக் கழுவினாள். பின்கள் உயிர் பெற்றன. ஒன்று, இரண்டு, மூன்று. உருளை ஒரு நெல் திரும்பியது. நின்றது.

"பூசாரி," என்றாள் சங்கரேஸ்வரி மறுபக்கத்திலிருந்து. "திறந்துட்டாளான்னு கேளுங்க."

"திறந்துட்டீங்களா தாயி?" என்றார் குருசாமி.

"திறந்தா தொங்குமா? கண்ணு இருக்கான்னு அவளைக் கேளுங்க."

"கண்ணு இருக்கான்னு கேக்காவ."

"எனக்குக் கண்ணு இருக்கு. அவளுக்குக் கை இருக்கான்னு கேளுங்க. ஒரு மாசமா ஊரெல்லாம் பெருமை அடிச்சாளாமே, கழட்டிக் கையில தாரேன்னு."

"சாவியைக் கிணத்துல போட்ட கைக்கு இந்தக் கை தேவலை, பூசாரி."

"மாமனாரைக் கயித்துல இறக்க வச்ச வாய் பேசுது, பூசாரி."

"வளைவு வைக்காதன்னு கொத்தனாருக்குச் சொல்லாதது யாரு, கேளுங்க!"

குருசாமி இரண்டு பக்கமும் கழுத்தைத் திருப்பித் திருப்பிச் சுளுக்கிக்கொண்டார். பத்து நாள் ஒரு பக்கமாகவே பார்த்தாராம். எதிரே வந்தவர்களை எல்லாம் காதால்தான் பார்த்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஞானபூரணத்துக்கு ஆத்திரத்தில் கை இன்னும் இறுகியது. திருப்புகம்பி வளைந்தது. அந்தச் செவ்வாயும் போனது.

வீட்டுக்கு வந்து அழுதாள். பூட்டு திறக்காததற்காக அழுகிறோம் என்று தன்னிடமே சொல்லிக்கொண்டாள். ஜெயசித்ராவின் கூந்தல் நீளத்துக்கு எத்தனை முழம் சரம் பிடிக்கும் என்று இடையிடையே கணக்குப் போட்டது வேறு மனசு.

கடைசிச் செவ்வாய் வந்தது. வெள்ளிக்கிழமை முகூர்த்தம். கரிசல் காடு வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஞானபூரணம் பேசுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு வந்தாள். மண்டியிட்டு உட்கார்ந்தாள். இடது கையில் திருப்புகம்பி, வலது கையில் கொக்கிக் கம்பி. மறுபக்கம் சங்கரேஸ்வரி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இவள் விரலையே பார்த்தாள். குருசாமி கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ள எட்டவே நின்றார்.

ஒன்று உட்கார்ந்தது. உருளை திரும்பி நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இம்மி தளர்த்தினாள். இந்தத் தடவை கை கேட்டது. உருளை பின்னால் வந்தது. இரண்டாவது உடுக்கை ஏறிவிட்டது. மறுபடி திரும்பி நின்றது. மறுபடி இம்மி. மூன்றாவது. வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கவில்லை. நாலாவது. இருபத்து மூன்றாம் நாள் ஒருதரம் மட்டும் அறிந்த அந்த வழுக்கல் விரலுக்குத் தெரிந்தது. இன்னும் ஒன்றுதான். ஐந்தாவதில் கொக்கியை வைத்தாள். உருளை திரும்பி நின்றது. இப்போது தளர்த்த வேண்டும். பயம் வந்துவிட்டது. இதுவும் போனால் வேறு செவ்வாய் இல்லை. பயம் வந்ததும் கை பழைய கையாகிவிட்டது. இழு, இறுக்கு, விடாதே. விரல்நகம் வெளுத்தது. கால்மணி நேரம் அப்படியே இருந்தாள். விடவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை.

"ஏக்கா, விடுக்கா கையை! பூச்சரத்தைப் பிடிச்ச மாதிரி பிடிச்சிட்டு இருக்கியே! விரல் ஒடிஞ்சிரும்க்கா!"

காட்டில் காக்கா கத்தியது நின்றது. குருசாமி சுளுக்குக் கழுத்தைத் திருப்பியே விட்டார். சங்கரேஸ்வரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தி என்ன செய்ய? ஆறு வருஷத்துப் பேச்சு வெளியே வந்து விழுந்துவிட்டது. பூட்டு இன்னும் தொங்குகிறது.

திடுக்கிட்டதில் ஞானபூரணத்தின் கை முழுசாகத் தளர்ந்தது. பொலபொலவென்று ஐந்து பின்னும் விழுந்தன.

"கெடுத்துட்டியேட்டி!" என்று அவள் கத்தியது குருவிகுளம் வரைக்கும் கேட்டிருக்கும். "நாலு உக்காந்திருந்துச்சு! நாலு! ஒண்ணுதாம்ட்டி பாக்கி! இத்தனை வருசம் வாயை மூடிட்டு இருந்தவளுக்கு இன்னொரு நிமிசம் மூட முடியலையா?"

"உன் விரல் நீலம் பாரிச்சுப்போச்சு! பாத்துட்டுச் சும்மா இருக்கச் சொல்லுதியா?"

"என் விரல், என் பூட்டு!"

"பூட்டு என்னோடது! நான் வாங்குனது!"

பூசாரி கையைத் தூக்கினார். "பேசிட்டீங்களே தாயி. பூட்டு திறக்கலையே. இதுக்கு முன்னால யாரும் இப்படிச் செஞ்சதில்லையே."

சங்கரேஸ்வரி நாக்கை வெளியே நீட்டி, இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். இருந்தது. "பூசாரி, என் மகளுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். என்ன பரிகாரம்னு கேளுங்க."

குருசாமி மாடன் முன்னால் பூப்போட்டுப் பார்த்தார். வெள்ளைப் பூ விழுந்தது. மறுபடி போட்டார். மறுபடியும் வெள்ளை. அவர் தாடையைத் தடவினார். "மாடன் ஒண்ணும் கோவிக்கலை. பூட்டுன ஆளே பொறுக்காமப் பேசுனா அது கணக்குல வராது போல. அப்படித்தான் எனக்குத் தோணுது. இனிமே பேசிக்கிடுங்க. பூட்டு பாட்டுக்குத் தொங்கட்டும்."

சங்கரேஸ்வரி வேலியைச் சுற்றி ஓடிவந்தாள். வந்த வேகத்தில் அக்கா பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். "வெள்ளிக்கிழமை விடியக்காலம் வந்திரு, அக்கா. சடை தைக்கணும். பிச்சிதான் வேணும்க்கா. நீ கொண்டு வாரியா, நான் வாங்கி வைக்கவா?"

"நான் கொண்டு வாரேன். நீ வாங்குனா வாடுனதை வாங்குவ," என்றாள் ஞானபூரணம். வளைந்த திருப்புகம்பியைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தினாள்.

"வாக்கா, மூணரை மணி பஸ் வந்திரும்."

"நீ போ."

"என்னக்கா, அதான் பேசியாச்சுல்லா?"

"நீ பேசுன. இது திறக்கலையே," என்று சொல்லி ஞானபூரணம் கம்பியை மறுபடி துவாரத்தில் விட்டாள்.

மூன்றரை மணிப் பஸ் போயிற்று. சங்கரேஸ்வரி போகவில்லை. அக்கா தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, மாப்பிள்ளை வீட்டார் யார் யார், சித்தப்பா எப்படிக் குடிப்பார், நிச்சயத்துக்கு எந்தப் புடவை, மாடிப்படியை இடித்துக் கட்ட எத்தனை மூட்டை சிமெண்ட், போன வருஷம் தனக்கு வந்த மூட்டுவலி, அதற்கு யார் சொன்ன எண்ணெய் என்று விட்டுப்போன வருஷங்களை ஒன்றுவிடாமல் சொல்ல ஆரம்பித்தாள். நடுவில் மூச்சு விட்டாளா என்று தெரியவில்லை.

ஒன்று உட்கார்ந்தது. இரண்டு. மூன்றாவது உட்கார்ந்ததா, விழுந்ததா? காதைச் சாய்த்தாள். பின்னின் சத்தம் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா குடித்த கதைதான் கேட்டது.

"ஏட்டி, ஒரு நிமிசம் சும்மா இரு," என்றாள் ஞானபூரணம்.

"இருக்கேன், இருக்கேன். இதை மட்டும் கேளு," என்றாள் சங்கரேஸ்வரி.